விழும் உயரமும் ரப்பரின் தடிமனும்

பள்ளிக்கூடமோ அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கமோ குழந்தைகளின் விளையாட்டுத் திடலுக்கு ரப்பர் தளம் போடுவது என்று முடிவெடுத்தால், விற்பவர் முதலில் எடுத்து நீட்டுவது நிற அட்டையைத்தான். சிவப்பா பச்சையா, நடுவில் பட்டாம்பூச்சி வேண்டுமா என்று பேச்சு ஓடும். அடுத்து சதுர அடிக்கு என்ன விலை என்பதற்குப் போகும். இவற்றுக்கு நடுவே கேட்கப்படாமலே போகிற கேள்வி ஒன்று உண்டு: ஒரு குழந்தை எந்த உயரத்திலிருந்து தலைகுப்புற விழுந்தால் இந்தத் தளம் அதன் மண்டையைக் காப்பாற்றும்? கேட்பதற்கே மனம் கூசும் கேள்விதான். ஆனால் விளையாட்டுத் திடலுக்கு ரப்பர் வந்ததே இதற்கு விடை சொல்லத்தான். ரப்பர் என்ற பெயருக்குள் எந்தப் பாதுகாப்பும் ஒளிந்திருக்கவில்லை. சறுக்கு மரத்தின் உயரம் என்ன, அதன் கீழே இருக்கும் தளத்தின் தடிமன் என்ன, இரண்டும் பொருந்துகின்றனவா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பொருந்தாத ரப்பர், மேலே வண்ணம் பூசிய சிமெண்ட் தரையைவிட அதிக ஆபத்தானது என்றுகூடச் சொல்வேன். சிமெண்ட் தரையைப் பார்த்தால் பெற்றோர் எச்சரிக்கையாக இருப்பார்கள். ரப்பரைப் பார்த்தால் நிம்மதியாகத் திரும்பிக்கொள்வார்கள்.

கணக்கு எளிது. 2 மீட்டர் உயரத்திலிருந்து விழும் உடல் தரையைத் தொடும் நொடியில் மணிக்கு 22 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான வேகத்தில் இருக்கிறது. தெருவில் நிதானமாகப் போகும் மொபெட்டின் வேகம் அது. அந்த வேகம் முழுவதும் பூஜ்யமாக வேண்டும். எவ்வளவு தூரத்துக்குள் ஆகிறது என்பதில்தான் உயிர் இருக்கிறது. விழுந்த உயரத்தை, நிற்க எடுத்துக்கொண்ட தூரத்தால் வகுத்தால், தலை சராசரியாகத் தாங்கிய தாக்கம் புவியீர்ப்பைப் போல எத்தனை மடங்கு என்பது கிடைத்துவிடும். சிமெண்ட் தரை அசையாது. தோலும் மண்டையும் மட்டும் கொஞ்சம் அமுங்கி 5 மில்லிமீட்டருக்குள் நிற்பதாக வைத்துக்கொண்டால், 2000-ஐ 5-ஆல் வகுக்க 400 மடங்கு. தளம் 10 மில்லிமீட்டர் விட்டுக்கொடுத்தால் 200 மடங்கு. 40 மில்லிமீட்டர் விட்டுக்கொடுத்தால் வெறும் 50 மடங்கு. இவை சராசரிகள், உச்சத் தாக்கம் இவற்றைவிட நன்றாகவே அதிகம். ரப்பர் செய்யும் வேலை முழுவதும் இந்தச் சில மில்லிமீட்டர்களைக் கடன் கொடுப்பதுதான். தன்னிடம் உள்ள தடிமனில் ஒரு பகுதியைத்தான் அதனால் கொடுக்க முடியும். முழுவதும் அமுங்கிவிட்டால், மிச்சமிருக்கும் வேகம் அதன் அடியில் இருக்கும் சிமெண்ட் தரையில் மோதுவதுபோலத்தான் நிற்கும்.

சராசரியை மட்டும் வைத்துக் காயத்தை அளந்துவிட முடியாது. பலத்த அடியை மூளை மிகக் குறுகிய நேரம் தாங்கும். அதைவிட லேசான அடி நீடித்தால் தாங்காது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் உள்ள வேய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில், சடலங்களின் மண்டையில் எந்த அளவு அடியில் விரிசல் விழுகிறது என்று அளந்து இந்த உறவை ஒரு வளைகோடாக வரைந்தார்கள். கார் விபத்துகளுக்காகச் செய்த ஆராய்ச்சி அது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் சார்ல்ஸ் காட் 1966-இல் அதை ஒரு சூத்திரமாக்கினார். சில ஆண்டுகளில் அது திருத்தப்பட்டு எச்.ஐ.சி. எனப்படும் தலைக்காய அளவாக உருப்பெற்றது. அதில் தாக்கத்தின் அளவு 2.5 என்ற அடுக்குக்கு உயர்த்தப்படுகிறது. அதாவது, தாக்கம் நீடிக்கும் நேரம் மாறாமல் வேகத்தணிப்பு மட்டும் இருமடங்கானால் ஆபத்து இருமடங்காவதில்லை, ஐந்தரை மடங்குக்கும் மேல் ஏறிவிடுகிறது. மில்லிமீட்டர்களில் கஞ்சத்தனம் காட்டக்கூடாது என்பதற்கு இந்த அடுக்கே காரணம்.

விளையாட்டுத் தளங்களைச் சோதிக்கும் முறையும் இதே அளவைத்தான் பயன்படுத்துகிறது. 4.6 கிலோ எடையுள்ள, பாதிப் பந்து வடிவிலான உலோகத் தலை ஒன்று. அதன் உள்ளே முடுக்கத்தை அளக்கும் கருவி. அதை ஒரு முக்காலியிலிருந்து தளத்தின் மேல் விடுவார்கள். ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் என்று உயரத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். எந்த உயரத்தில் தலைக்காய அளவு 1000-ஐ எட்டுகிறதோ, அல்லது உச்சத் தாக்கம் புவியீர்ப்பைப் போல 200 மடங்கை எட்டுகிறதோ, அதுவே அந்தத் தளத்தின் எல்லை உயரம். ஐரோப்பாவின் ஈ.என். 1177, அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். எஃப் 1292 என்ற இரண்டு தரங்களும் சொல்வது ஏறக்குறைய இதைத்தான். ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டியது ஒரே ஓர் எண். ‘உங்கள் தளத்தின் எல்லை உயரம் என்ன, எந்தத் தடிமனில் சோதித்தீர்கள்?’ இதற்குப் பதிலாக ‘எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் இதைத்தான் போடுகிறோம்’ என்று வந்தால், அது விடை இல்லை.

1000 என்ற கோட்டுக்கு இந்தப் பக்கம் எல்லாம் பத்திரம் என்றும் எண்ணிவிடக்கூடாது. பெரியவர்களை வைத்துக் கணித்ததில், 1000 அளவுள்ள அடியால் உயிருக்கு ஆபத்தான காயம் நேரும் வாய்ப்பு நூற்றுக்கு 16 என்று 1980-களில் செய்த பகுப்பாய்வு சொல்கிறது. அது பாதுகாப்பின் தொடக்கமல்ல, பொறுத்துக்கொள்ளத்தக்க ஆபத்தின் கடைசி எல்லை. காரின் காற்றுப்பைச் சோதனையில் 3 வயதுக் குழந்தையின் பொம்மைக்கு அமெரிக்க விதி அனுமதிக்கும் உச்சம் 570தான். காருக்குள் இருக்கும் குழந்தைக்கு 570. பூங்காவில் ஏணியிலிருந்து நழுவும் குழந்தைக்கு 1000. இந்த முரண்பாட்டை என்னால் ஏற்க முடியவில்லை. அதனால்தான், 2 மீட்டர் ஏணிக்கு 2 மீட்டர் சான்று பெற்ற தளம் போதும் என்று நிற்காமல், இரண்டரை மீட்டர் சான்று பெற்றதைப் போடுவதே நியாயம் என்கிறேன். செலவு கூடும். ஆனால் வண்ணக் கோலத்துக்கு ஆகும் செலவைக் குறைத்து இதில் போடலாம்.

கடைகளில் கிடைக்கும் ரப்பர் டைல் ஒன்றைக் கையில் எடுத்து அதன் ஓரத்தைப் பாருங்கள். மேலே சில மில்லிமீட்டருக்கு வண்ணத் துகள், இ.பி.டி.எம். என்கிற செயற்கை ரப்பர் அது, வெயிலுக்கு ஓரளவு தாக்குப்பிடிக்கும். அதன் கீழே முழுக்கக் கறுப்பு. பழைய டயரை அரைத்த துகளைப் பாலியூரிதேன் பசையில் பிசைந்து அழுத்தியது. திருப்பிப் பார்த்தால் நல்ல டைல்களின் அடியில் குட்டிக் கால்கள் வரிசையாக இருக்கும். அவை மழைநீர் ஓடுவதற்கு மட்டுமல்ல, அமுங்குவதற்கும். இப்போது ஒரு ஸ்கேலை வைத்து அளந்தால் பெரும்பாலும் 20 அல்லது 25 மில்லிமீட்டர் காட்டும். நடைபாதைக்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் ஏற்ற தடிமன் இது. சுமார் ஒன்றரை மீட்டர் விழும் உயரத்துக்கு 50 மில்லிமீட்டர் அளவிலும், 3 மீட்டருக்கு 100 மில்லிமீட்டர் அளவிலும் தடிமன் தேவைப்படும். துல்லியமான எண் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், சான்றில்தான் பார்க்க வேண்டும். சிமெண்ட் தரையில் 25 மில்லிமீட்டர் டைலை ஒட்டி, அதன் மேல் 2 மீட்டர் உயரக் கம்பி ஏணியை நட்டுவைப்பது, மேலே சொன்ன வகுத்தல் கணக்கின்படி, போதவே போதாது.

எங்கே போடுவது என்பதும் தடிமனைப் போலவே முக்கியம். குழந்தை நேராகக் கீழே விழுவதில்லை, எகிறி விழுகிறது. ஐரோப்பியத் தரத்தின்படி ஒன்றரை மீட்டர் உயரம் வரையிலான சாதனத்தைச் சுற்றி ஒன்றரை மீட்டர் அகலத்துக்குத் தளம் வேண்டும். 3 மீட்டர் உயரம் என்றால் இரண்டரை மீட்டர். ஊஞ்சலுக்கு முன்னும் பின்னும் இன்னும் அதிகம். அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் கையேடு, ஊஞ்சல் தொங்கும் உயரத்தைப் போல இருமடங்கு தூரம் இருபுறமும் விடச் சொல்கிறது. இவ்வளவு பரப்புக்கும் தடிமனான ரப்பர் வாங்கப் பணம் இல்லையென்றால் ரப்பரைக் குறைக்காதீர்கள், சாதனத்தின் உயரத்தைக் குறையுங்கள். நியூசிலாந்தில் 1996-இல் வெளியான ஓர் ஆய்வு, ஒன்றரை மீட்டருக்கு மேலிருந்து விழுந்த குழந்தைகளுக்குக் காயம் படும் ஆபத்து, அதற்குக் கீழிருந்து விழுந்தவர்களைப் போல நான்கு மடங்கு என்று கண்டது. ஒன்றரை மீட்டர் சறுக்கு மரத்தில் நாலு வயதுக் குழந்தைக்குக் கிடைக்கும் மகிழ்ச்சி 3 மீட்டரில் கிடைப்பதைவிட எந்த விதத்திலும் குறைந்துவிடாது.

இதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் இருக்கிறது. தலைக்காய அளவு தலையை மட்டுமே பார்க்கிறது. ஆனால் விளையாட்டுத் திடலில் அதிகம் உடைவது கை. விழும் குழந்தை கையை ஊன்றுகிறது. முழங்கைக்கு மேலேயோ மணிக்கட்டுக்கு அருகிலோ எலும்பு முறிகிறது. கனடாவின் டொராண்டோ நகரப் பள்ளிகளில் தளங்களைக் குலுக்கல் முறையில் ஒதுக்கிச் செய்த ஆய்வு 2009-இல் வெளியானது. மணல் போட்ட திடல்களோடு ஒப்பிட்டால், பதப்படுத்திய மரத்துகள் போட்ட திடல்களில் கை முறிவு ஏறக்குறைய ஐந்து மடங்கு. இரண்டுமே தலைக்கான தரத்தை நிறைவேற்றும் வகையில் போடப்பட்டவைதான். மணல் பக்கவாட்டில் வழுக்கிக் கொடுக்கிறது, ஊன்றிய கை அதனோடு நகர்கிறது. உராய்வு அதிகமான பரப்பு கையைப் பிடித்து நிறுத்திவிடுகிறது, உடலின் எடை எலும்பின் மேல் இறங்குகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். ரப்பரும் பிடித்து நிறுத்தும் பரப்புதான். இதை மறைத்து ரப்பருக்கு வக்காலத்து வாங்குவது நேர்மையாகாது. மறுபுறம், பிரிட்டனின் கார்டிஃப் நகரில் 1997-இல் வெளியான ஆய்வில், ரப்பர் தளத்தில் காயங்கள் மரப்பட்டைத் தளத்தில் நேர்ந்தவற்றில் பாதியாகவும், சிமெண்ட் தரையில் நேர்ந்தவற்றில் ஐந்தில் ஒரு பங்காகவும் இருந்தன. இரண்டையும் சேர்த்துப் படித்தால் நான் வந்து சேரும் இடம் இது: நன்றாகப் பராமரிக்க ஆள் இருந்தால் மணல் ரப்பருக்குச் சளைத்ததல்ல, கைக்கு அது மேலானதுகூட.

ஆனால் அந்தப் பராமரிப்பு எளிதல்ல. ஐரோப்பியத் தரம் 2 மீட்டர் உயரத்துக்கு 30 சென்டிமீட்டர் ஆழ மணல் கேட்கிறது. ஊஞ்சலின் கீழே குழந்தைகள் காலால் தேய்த்துத் தேய்த்து ஒரே வாரத்தில் பள்ளம் பறித்துவிடுவார்கள். யாராவது தினமும் வாரிச் சமன்செய்ய வேண்டும். அதுவும் தூசியும் களிமண்ணும் இல்லாத, கழுவிய, உருண்டை மணலாக இருக்க வேண்டும். ஆற்று மணல் கிடைக்காத இந்தக் காலத்தில் எம் சாண்ட் வாங்கிக் கொட்டினால், கல்லை உடைத்த கூர்முனைத் துகளும் மாவும் மழையில் இறுகிக் கெட்டித்துவிடும். தெரு நாயும் பூனையும் மணலைக் கழிப்பிடமாக்கினால் கொக்கிப்புழு வரும். எல்லாவற்றுக்கும் மேல், சக்கர நாற்காலி மணலில் உருளாது. ஊன்றுகோலோடு வரும் குழந்தை ஓரத்தில் நின்று மற்றவர்கள் விளையாடுவதை வேடிக்கை பார்க்க நேரும் திடலை நல்ல திடல் என்று என்னால் சொல்ல முடியாது. ரப்பருக்கு ஆதரவான ஆகப் பெரிய காரணம் இதுதான். நடுப்பாதையும் தாழ்ந்த சாதனங்களும் ரப்பரிலும், தனியாக ஏறும் கம்பிகள் மணலிலும் என்று கலந்து போடுவதற்கு எந்தத் தடையும் இல்லை.

அடுத்தது வெயில். குளிர் நாடுகளில் எழுதப்பட்ட தரங்கள் இதை அரைகுறையாகவே தொடுகின்றன. அமெரிக்கச் சோதனையில் தளத்தைச் சூடாக்கிப் பார்க்கும் உச்ச வெப்பநிலை 49 டிகிரி செல்சியஸ். சித்திரை மாதத்து நண்பகலில் கறுப்பு ரப்பரின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டுவது இங்கே சாதாரணம். தோல் சுடுவதைப் பற்றி 1947-இல் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இருவர் செய்த ஆய்வு இன்றும் அடிப்படையாக இருக்கிறது: 44 டிகிரியில் ஆறு மணி நேரம் பட்டால் உண்டாகும் காயம், 60 டிகிரியில் ஐந்து நொடியில் உண்டாகிவிடுகிறது. அது சுடுநீரை வைத்து அளந்த கணக்கு. ரப்பர் வெப்பத்தை மெல்லத்தான் கடத்தும் என்பதால் அதே வெப்பநிலையில் இரும்பைப் போல உடனே சுடாது என்பது உண்மை. ஆனால் பெரியவர்களின் காலைப் போலக் காய்ப்பேறாத பாதம், தவழும் குழந்தையின் உள்ளங்கை, விழுந்த பிறகு எழ முடியாமல் அழும் சில நொடிகள், இவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நம் குழந்தைகள் செருப்பைக் கழற்றிவிட்டு விளையாடுகிறவர்கள். வெளிர் நிறம் கொஞ்சம் உதவும். நிழல்தான் உண்மையில் உதவும். புங்கமரம் தருவதுபோல் அடர்ந்த நிழல் கிடைத்தால் ரப்பர் பேசாமல் இருக்கும். இலையும் பூவும் உதிர்ந்து துளைகளை அடைக்கும் என்று தளம் போடுபவர்கள் மரத்தை வெட்டச் சொல்வது உண்டு. துளையை வாரத்துக்கு ஒருமுறை பெருக்கலாம். வெட்டிய மரத்தை என்ன செய்வது? நிழலுக்கு வழியே இல்லாத மொட்டைத் திடலில் ரப்பர் போடக்கூடாது என்பதே என் முடிவு.

டயர் துகள் குழந்தைகளுக்கு நஞ்சாகாதா என்ற அச்சத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. டயரில் கரிப்பொடி, துத்தநாக ஆக்சைடு, கந்தக வகைப் பொருட்கள், புற்றுநோய் உண்டாக்கும் தன்மை கொண்ட சில நறுமணச் சேர்மங்கள் எல்லாம் இருக்கின்றன. செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களில் கொட்டும் துகள்களை ஆராய்ந்த நெதர்லாந்தின் பொதுச் சுகாதார நிறுவனம் 2016-இலும், ஐரோப்பிய வேதிப்பொருள் முகமை 2017-இலும், அவற்றில் விளையாடுவதால் வரும் கூடுதல் ஆபத்து மிகச் சிறியது என்றன. 2024-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை வெளியிட்ட அறிக்கையும், துகளில் உள்ளவை அதிக அளவில் உடலுக்குள் போவதாகத் தெரியவில்லை என்றது. இவை கால்பந்து ஆடுபவர்களைப் பற்றியவை. கையில் கிடைத்ததை வாயில் போடும் இரண்டு வயதுக் குழந்தையைப் பற்றியவை அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் பொம்மையின் ரப்பர் பகுதிகளில் அந்தச் சேர்மங்களில் எட்டு, ஒவ்வொன்றும் கிலோவுக்கு 0.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. திடல்களில் கொட்டும் உதிரித் துகளுக்கு 2022 முதல் எட்டும் சேர்ந்து கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை விட்டிருக்கிறார்கள். பொம்மைக்கு ஒரு நியாயம், அதே குழந்தை உட்காரும் தரைக்கு ஒரு நியாயம் என்றாகிறது. ஆகவே சின்னக் குழந்தைகளின் பகுதியில் உதிரி டயர் துகளைக் கொட்டவே கூடாது. டயருக்குள் இருந்த கம்பித் துணுக்கு அதில் கலந்துவரும் ஆபத்தும் உண்டு. டயர் துகள் அடியில் இறுகப் பிணைந்திருந்து, மேலே ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாத இ.பி.டி.எம். அடுக்கு உடையாமல் மூடியிருந்தால், கைக்கும் வாய்க்கும் அது எட்டுவது பெருமளவு குறையும். மேலடுக்கின் நிறமியில் ஈயம் இல்லை என்பதற்கும் ஆய்வகச் சான்று கேட்டு வாங்குங்கள். தளம் எங்காவது பிய்ந்து கறுப்பு தெரிந்தால் அதை அழகுக் குறையாகப் பார்க்காமல் உடனே அடைக்க வேண்டும்.

இவ்வளவு மெனக்கெடத் தேவையா, விழுந்து எழுந்துதானே குழந்தை வளரும் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். பிரிட்டனின் டேவிட் பால் போன்ற இடர் ஆய்வாளர்கள், திடலில் மரணம் மிக அரிது, மெத்தென்ற தளத்துக்குச் செலவிடும் பணத்தை வேறு இடத்தில் போட்டால் கூடுதல் குழந்தைகளைக் காக்கலாம், தளம் மென்மையாக இருப்பதை நம்பிக் குழந்தைகள் இன்னும் துணிந்து குதிக்கவும் கூடும் என்று வாதிட்டிருக்கிறார்கள். அந்த வாதத்தில் பாதி எனக்கு உடன்பாடு. ஏறுவதும் தொங்குவதும் குதிப்பதும் குழந்தைக்கு வேண்டும். முழங்காலில் சிராய்ப்பு இல்லாத பிள்ளைப்பருவம் வேண்டாம். ஆனால் குழந்தை தெரிந்தே ஏற்கும் ஆபத்து வேறு, அதன் கண்ணுக்குத் தெரியாத ஆபத்து வேறு. கம்பி எவ்வளவு உயரம் என்பது ஏறும் குழந்தைக்குத் தெரியும். அது பயந்து, அளந்து, ஏறுகிறது. சிவப்பு ரப்பரின் அடியில் 25 மில்லிமீட்டரில் சிமெண்ட் காத்திருப்பது அதற்குத் தெரியாது. அதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டியவர்கள் தளம் வாங்கியவர்கள்.

போட்டு முடித்த அன்றோடு வேலை முடிவதுமில்லை. இடத்திலேயே ஊற்றிப் பரப்பும் தளத்தில் பாலியூரிதேன் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகும். இறுகும் முன் மழை அடித்தால் நுரைத்துப் பலவீனமாகும். ஐப்பசி மழைக்காலத்தில் அவசரமாகத் திறப்பு விழாவுக்காக ஊற்றும் தளங்கள் துகள் உதிர்வதற்கு இது ஒரு காரணம். பசையைக் குறைத்துக் காசு மிச்சம் பிடிப்பது இன்னொரு காரணம். நன்றாகப் போட்ட தளமும் வெயிலிலும் காற்றிலும் ஆண்டுக்கு ஆண்டு இறுகுகிறது. துளைகளில் தூசி அடைந்து அமுங்கும் திறன் குறைகிறது. போட்டபோது 2 மீட்டருக்குத் தாங்கிய தளம் சில ஆண்டுகளில் ஒன்றரை மீட்டருக்குத்தான் தாங்கும் என்ற நிலைக்கு வரலாம். வெளிப்பார்வைக்கு எதுவும் தெரியாது. அதனால் ஒப்பந்தத்திலேயே, போட்ட பிறகு திடலில் வைத்து உலோகத் தலைச் சோதனை செய்ய வேண்டும், இத்தனை ஆண்டுகள் வரை மறுசோதனையில் தேற வேண்டும், தேறாவிட்டால் மாற்றித் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். சோதனையை ஊஞ்சலின் கீழும் சறுக்கு மரம் முடியும் இடத்திலும் செய்யச் சொல்லுங்கள். அதிகம் தேய்வது அங்கேதான். தளம் போடும் நாளில் அதே கலவையில் ஒரு சதுர அடித் துண்டை ஊற்றி வாங்கி, தேதி எழுதி, வெயில் படாத அலமாரியில் வைத்துவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அதை வெளியே எடுத்து வந்து ஊஞ்சலின் அடியில் வைத்து, முதலில் அதிலும் பிறகு தளத்திலும் கட்டைவிரலை அழுத்திப் பார்த்தால், மறுசோதனைக்கு ஆள் கூப்பிட வேண்டுமா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.